காவிரிப் படுகையில் மாணவர் குறும்பட விழா தொடங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரங்களில் மாணவர் குறும்படங்களுக்கென ஒரு விழா தொடங்க விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் எங்களிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். இப்படியொரு விழாவைச் சிறிய அளவில் சில ஆண்டுகள் நடத்தியதில் கிடைத்த அனுபவமே விடைகளுக்கு அடிப்படை. சட்டம் தொடர்பான இடங்களில் எங்கள் விளக்கத்தோடு நிற்காமல் ஒரு வழக்கறிஞரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையிலும் வெளிமாநிலங்களிலும் விழாக்கள் இருக்கும்போது டெல்டாவில் தனியாக ஒன்று எதற்கு?

அந்த விழாக்களுக்கும் படங்களை அனுப்பத்தான் வேண்டும். ஆவணப்படம், குறும்படம், அசைவூட்டப் படம் ஆகியவற்றுக்காக மும்பையில் 1990 முதல் ஒரு சர்வதேச விழா நடைபெறுகிறது. திருவனந்தபுரத்தில் 2008 முதல் நடைபெறும் கேரளத்து ஆவணப்பட, குறும்பட விழாவில் கல்லூரி மாணவர் படங்களுக்கென்றே ஒரு பிரிவு இருந்துவருகிறது. ஆனால் திருத்துறைப்பூண்டியிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ படம் அனுப்பும் மாணவருக்கு அங்கிருந்து பெரும்பாலும் கிடைப்பது தேர்வானதா இல்லையா என்று சொல்லும் ஒரு மின்னஞ்சல் மட்டுமே. யூடியூபில் ஏற்றினால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் தெரியும். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் நெளிந்தார்கள், எந்த வசனம் கடைசி வரிசைக்குக் கேட்கவே இல்லை என்பது தெரியாது. முன்பின் அறியாத இருநூறு பேருக்கு நடுவே இருட்டில் உட்கார்ந்து தன் படத்தைத் தானே பார்க்கும் அனுபவத்தை அந்த மாணவருக்கு அவருடைய ஊருக்கு அருகிலேயே தருவதுதான் உள்ளூர் விழாவின் வேலை என்று நாங்கள் கருதுகிறோம். கீழே உள்ள விடைகள் எல்லாம் இந்த ஒரு கருத்தைச் சார்ந்தவை.

இந்தப் பகுதிக்குத் திரையிடல் புதிதும் அல்ல. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் துய்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுசென்றார். இன்றைக்குக் கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரியும், திருவாரூர் அருகே நீலக்குடியில் ஊடகத் துறையுடன் கூடிய மத்தியப் பல்கலைக்கழகமும், தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஓவியம் படிப்பவர், ஊடகம் படிப்பவர், இலக்கியம் படிப்பவர் ஆகிய மூவரும் அரைநாள் பேருந்துப் பயணத்துக்குள் சந்தித்துக்கொள்ளக்கூடிய வட்டாரம் இது.

எந்த மாதத்தில் நடத்துவது நல்லது?

மற்ற எந்த முடிவையும்விட இதில்தான் நாங்கள் அதிகம் தவறியிருக்கிறோம். முதல் ஆண்டு விழாவை நவம்பரில் வைத்தோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் ஊரில் இது எத்தகைய முடிவு என்பதை எங்களுக்கு யாரும் எடுத்துச்சொல்லத் தேவையிருந்திருக்கக் கூடாது. தகரக் கூரை போட்ட அந்த அரங்கில் மழை பிடித்துக்கொண்டதும் ஒலி முழுவதும் அடிபட்டுப்போய், மூன்று படங்களைக் கிட்டத்தட்ட மௌனப் படங்களாகவே பார்த்தோம். அது பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். ஏனெனில் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் போன்ற ஒன்று வந்தால் விழாவைப் பற்றி யாரும் பேசக்கூட முடியாது.

ஜனவரியில் பொங்கலும், அதையொட்டித் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையும் வருகின்றன. சம்பா அறுவடையும் அப்போதுதான். இயந்திரம் அறுத்தாலும் நெல்லைக் காயவைக்கவும் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்கவும் வீட்டுப் பிள்ளைகள்தாம் போகிறார்கள். மார்ச்சில் பள்ளிப் பொதுத்தேர்வும் கல்லூரிச் செய்முறைத் தேர்வுகளும் தொடங்கிவிடும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவுக்காக நாகப்பட்டினம் செல்லும் பேருந்துகளிலும் ரயில்களிலும் இடம் கிடைப்பது அரிது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமைகள் மிஞ்சுகின்றன. அவற்றில் ஒன்றையே பரிந்துரைக்கிறோம். கும்பகோணத்தில் நடத்துவோர் மாசிமகத்தின் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; 2028-இல் மகாமகமே வருவதால் அவ்வாண்டு வேறு ஊருக்குச் செல்வது நலம்.

படங்களை எப்போது கேட்க வேண்டும்?

கல்லூரிகள் திறக்கும் ஜூன் கடைசியில் அழைப்பறிக்கையை வெளியிட்டு, டிசம்பர் நடுவில் முடித்துக்கொள்ளலாம். மழைக்கு முன்பே படப்பிடிப்பை முடித்துவிட்டு, மழைக்காலத்தில் படத்தொகுப்பில் உட்கார்வதற்கு இது வசதியானது.

ஒரு நாள் விழாவா, மூன்று நாள் விழாவா?

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே நாள் போதும். கணக்கு எளியது. சராசரியாகப் பத்து நிமிடம் ஓடும் இருபது படங்கள் என்றால் திரையில் இருநூறு நிமிடம். அவற்றை ஐந்து ஐந்தாக நான்கு அமர்வுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அமர்வுக்கும் ஐம்பது நிமிடப் படமும் நாற்பது நிமிடப் பேச்சும் என்று வைத்தால் ஆறு மணி நேரம் ஆகிறது. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி, மதிய உணவுக்கு ஒரு மணி நேரம் விட்டாலும், மாலை ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். அந்த ஐந்து மணி முக்கியமானது. மன்னார்குடி, வலங்கைமான், குத்தாலம் பக்கத்துக் கிராமங்களுக்கு இருட்டுவதற்குள் பேருந்து பிடிக்க முடியாது என்று தெரிந்தால், பெண் மாணவர்களில் பலரை வீட்டிலிருந்து அனுப்ப மாட்டார்கள். நிறைவு விழாவை இரவு எட்டு மணிக்கு வைக்கும் அமைப்பாளர், தம்மை அறியாமலே பார்வையாளர்களில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இந்த நேரக் கணக்கைக் குலைப்பவை படங்கள் அல்ல. குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை என்று மேடை நிகழ்ச்சி நீண்டால் ஒரு முழு அமர்வு போய்விடும். சிறப்பு விருந்தினர் ஒருவர் போதும். அவரும் நாள் முழுவதும் உட்கார்ந்து படம் பார்க்க ஒப்புக்கொண்டவராக இருக்க வேண்டும்.

எந்த இடத்தில் திரையிடலாம்?

வாய்ப்பு மூன்று வகை. நகரத்துத் திரையரங்கு ஒன்றைக் காலைக் காட்சிக்கு வாடகைக்கு எடுத்தால் இருட்டும் ஒலியும் இருக்கையும் தயாராக இருக்கும். ஆனால் திரையரங்குகளின் கருவிகள் டிசிபி என்னும் தனி வடிவக் கோப்புகளுக்கானவை என்பதால், உங்கள் கோப்புகளை அங்கே எப்படி ஓட்டுவது என்பதை அரங்கில் கருவியை இயக்குபவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். படத்துக்குப் பின் நாற்பது நிமிடம் பேசுவதற்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். கல்யாண மண்டபத்தில் இடம் தாராளம், எதிரொலியும் தாராளம். கல்லூரிக் கலையரங்கே பெரும்பாலோருக்கு ஏற்றது.

கலையரங்கில் இரண்டு குறைகளைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். முதலாவது வெளிச்சம்: நம் ஊர்க் கலையரங்குகள் காற்றோட்டத்துக்காகக் கட்டப்பட்டவை; பகல் பதினொரு மணி வெயில் சாளரம் வழியாகத் திரையில் விழுந்தால் எவ்வளவு விலையுயர்ந்த புரொஜெக்டரும் வெளிறித்தான் காட்டும். சாமியானா வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் கறுப்புத் துணி கேட்டு, முந்தின நாளே சாளரங்களையும் கதவுகளையும் மறைத்துவிட வேண்டும். இரண்டாவது ஒலி. மைக் செட் போடுபவர் கச்சேரிக்கும் அரசியல் கூட்டத்துக்கும் பழகியவர்; அடியொலியைக் கூட்டிவைப்பது அவர் கைவழக்கம். குறும்படத்தில் உயிர்நாடி பேச்சுக்குரல். முந்தின நாள் மாலை அவரை அழைத்து, இரண்டு படங்களை ஓட்டி, கடைசி வரிசையில் அவரையே உட்காரவைத்து வசனம் புரிகிறதா என்று கேளுங்கள். எங்கள் அனுபவத்தில் சிறப்பு விருந்தினரைவிட அந்த ஒருவரே விழாவுக்கு முக்கியமானவர்.

மின்சாரம் போனால்?

ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது. மின்சாரம் நின்று ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில் புரொஜெக்டர் அணைந்துவிடும். சூடான விளக்கு ஆறி மறுபடி ஏற்றச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே புரொஜெக்டரையும் கணினியையும் தாங்கக்கூடிய யுபிஎஸ் ஒன்றை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரை மாணவர் என்று கொள்வது? படத்தின் நீளம் எவ்வளவு?

படத்தை முடித்த நாளில் ஏதேனும் ஒரு கல்வி நிலையத்தில் இயக்குநர் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது போதுமான விதி. ஐடிஐ, பாலிடெக்னிக், செவிலியர் பயிற்சி மாணவர்களையும் பெயர் சொல்லியே அழையுங்கள். அழைக்காவிட்டால் இது காட்சித் தகவலியல் (விஸ்காம்) படிப்பவர்களுக்கு மட்டுமானது என்று ஒதுங்கிவிடுவார்கள். ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் வெளியாட்களைக் கூலிக்கு வைத்தவர்கள் அதைப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஆஸ்கர் விருதுக்குரிய விதிகள் பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடம் வரை ஓடுவதைக் குறும்படம் என்று ஏற்கின்றன. மாணவர் விழாவுக்கு 15 நிமிடம் என்ற வரம்பு போதும். இன்னும் குறைத்து 10 என்று வைத்தாலும் படங்கள் கெட்டுப்போவதில்லை. தொடக்கத்தில் ஓடும் நன்றி அட்டைகள்தாம் முதலில் குறையும்.

கைபேசியில் எடுத்த படங்களை ஏற்கலாமா?

தயங்காமல் ஏற்கலாம். அவற்றுக்கென்று தனிப் பிரிவு வைத்து ஒதுக்கவும் வேண்டாம். ஒரேயொரு தொழில்நுட்பச் சிக்கலை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பல கைபேசிகள் நொடிக்கு இத்தனை சட்டகம் (பிரேம்) என்று நிலையாகப் பதிவதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் பதிகின்றன. அதை அப்படியே படத்தொகுப்பில் இட்டால் சில நிமிடங்களுக்குப் பின் உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும். தொகுக்கும் முன் நொடிக்கு 24 அல்லது 25 சட்டகம் என்று மாற்றிக்கொண்டால் இது தீர்ந்துவிடும்.

கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும்?

1920×1080 அளவு, எச்.264 குறியாக்கம், எம்பி4 கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி. நொடிக்கு 20 மெகாபிட் என்ற தரத்தில் பத்து நிமிடப் படம் ஏறத்தாழ ஒன்றரை ஜிபி வரும். ஆகவே கூகுள் டிரைவ் வழியாகவோ பென் டிரைவிலோ பெறுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். திரையில் பார்க்கும்போது முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு எல்லாப் படங்களையும், விழாவில் பயன்படுத்தப்போகும் அதே கணினியில், தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் அரைநிமிடம் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிக்கொள்வது சரிபார்ப்பு ஆகாது.

தணிக்கைச் சான்றிதழ் தேவையா?

1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திரையிடப்படும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். திரைப்பட விழாக்களுக்கு இதிலிருந்து விலக்களிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது. படங்களின் பட்டியலையும் கதைச்சுருக்கங்களையும் இணைத்துத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இலாப நோக்கமின்றி, பதிவுசெய்துகொண்ட பார்வையாளர்களுக்கு மட்டும் திரையிடுவது விழாக்களின் வழக்கம். திரையரங்கிலோ பொது மண்டபத்திலோ எல்லோரையும் அழைத்து நடத்துவதானால் இந்த வழியை ஒழுங்காகப் பின்பற்றுங்கள். அந்த இடத்துக்குத் திரையிடல் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் தமிழ்நாட்டில் அதற்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. முதல் ஆண்டில் கல்லூரி வளாகத்துக்குள், கல்லூரியின் பெயரில், பதிவுசெய்த மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் அழைக்கப்பட்டவர்களையும் மட்டும் வைத்து நடத்துவது சிக்கல் குறைந்த தொடக்கம். கட்டணச் சீட்டு வேண்டாம்.

சினிமாப் பாடலைப் பின்னணியில் பயன்படுத்திய படத்தை என்ன செய்வது?

இசை உரிமைக்கான கடிதம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பி, மாற்றித் தரச் சொல்லுங்கள். கல்வி நிலைய நிகழ்ச்சிகளுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் வரம்புக்குட்பட்ட சலுகை உண்டு; ஆனால் அதை நம்பிப் படமெடுத்த மாணவர் அதே படத்தை வேறு விழாவுக்கோ இணையத்துக்கோ கொண்டுசெல்ல முடியாது.

இங்கே டெல்டாவுக்கே உரிய குழப்பம் ஒன்று அடிக்கடி வருகிறது. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனைகளுக்கு இன்று யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. ஆனால் அந்தக் கீர்த்தனையை ஒருவர் பாடி ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கிறது. ஆகவே இசைத்தட்டிலிருந்து எடுப்பதற்குப் பதிலாக, பக்கத்துத் தெருவில் வயலின் கற்கும் தோழியை வாசிக்கச்செய்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிப் பதிவுசெய்வதே நேர்வழி. தவிலும் நாகஸ்வரமும் இத்தனை வீடுகளில் ஒலிக்கும் மண்ணில், இணையத்தில் கிடைக்கும் சோகப் பியானோவை எல்லோரும் தேடிப்போவது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

கோயில்களிலும் ஆற்றங்கரையிலும் எடுத்த காட்சிகளுக்கு அனுமதி கேட்க வேண்டுமா?

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே படப்பிடிப்புக்கு அத்துறையின் அனுமதி வேண்டும். மற்ற பல கோயில்களுக்கு அறநிலையத்துறையின் செயல் அலுவலரை அணுக வேண்டும். டிரோனுக்கு 2021-ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தப் பக்கம் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். அனுமதிக் கடிதத்தின் நகலைப் படத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். பச்சை வயலுக்கு மேலே டிரோன் எழும்புவதும், வெடித்த நிலத்தில் முதியவர் ஒருவர் குந்தியிருப்பதும் எங்களுக்கு வரும் படங்களில் சலிக்காமல் திரும்புகின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம். கொள்முதல் நிலையத்துத் தராசைப் பற்றியோ, ஊரின் கடைசி மளிகைக்கடையைப் பற்றியோ எடுத்தவர்களிடம் சொல்வதற்குப் புதிதாக ஏதாவது இருந்தது.

படங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூன்று பேர், தனித்தனியாக, ஒவ்வொரு படத்தையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். இயக்குநரின் பெயரும் கல்லூரியின் பெயரும் அவர்களுக்குத் தெரியாதிருப்பது நல்லது. இந்த வட்டாரத்தில் பெயரைக் கேட்டாலே ஊரும், ஊரைக் கேட்டாலே சாதியும் ஊகிக்கப்படும் என்பதை நாம் மறைத்துப் பேசத் தேவையில்லை. விழா நடத்தும் கல்லூரியின் மாணவர் படத்தை அக்கல்லூரி ஆசிரியர் மதிப்பிடக் கூடாது. மூவரும் ஒரே மாதிரி ‘பரவாயில்லை’ என்று சொன்ன படத்தைவிட, ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றும் மற்றொருவர் கட்டாயம் வேண்டும் என்றும் வாதிட்ட படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரங்கில் அதுதான் பேச்சைக் கிளப்பும். தேர்வாகாத ஒவ்வொருவருக்கும், படத்தைப் பார்த்தவர் எழுதிய நான்கு வரிகளாவது போக வேண்டும்.

சாதி, மதம், கட்சி சார்ந்த படம் வந்து எதிர்ப்புக் கிளம்பினால்?

தேர்ந்தெடுக்கும்போதே கல்லூரி முதல்வருக்கு அந்தப் படத்தைக் காட்டி, குழுவின் முடிவை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பிறகு பின்வாங்காதீர்கள். விழா நாளன்று காலையில் வந்த ஒரு தொலைபேசி அழைப்புக்காக ஒரு மாணவரின் படத்தை நாங்கள் ஒருமுறை நிறுத்தியிருக்கிறோம். படக்குழுவினர் ஆறு பேரும் அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பிட்ட ஆளையோ குடும்பத்தையோ அடையாளம் காட்டி இழிவுபடுத்தும் படம், சிறுவர்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் நடிக்கவைத்த படம் ஆகியவற்றை நிறுத்துவது வேறு. அவற்றை முதல் சுற்றிலேயே நீக்க வேண்டும்.

பரிசுத் தொகை எவ்வளவு வைக்கலாம்? நடுவர்களாக யாரை அழைப்பது?

கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றோர் திரைத்துறைக்குச் சென்றதிலிருந்து, குறும்படம் என்றாலே கோடம்பாக்கத்துக்கான நுழைவுச்சீட்டு என்ற எண்ணம் பரவிவிட்டது. பெரிய பரிசுத் தொகை அந்த எண்ணத்தையே வளர்க்கும். முதல் பரிசு யாருக்கு என்ற கேள்வி மற்ற பத்தொன்பது படங்களையும் மறைத்துவிடும். எங்கள் பரிந்துரை: ஒரு நடுவர் பரிசு, ஒரு பார்வையாளர் பரிசு, அவ்வளவுதான். தொகைக்குப் பதில் ஒரு நல்ல மைக்கோ முக்காலியோ கொடுத்தால் அடுத்த படத்துக்கு உதவும். கேடயங்களில் போகும் பணத்தை வெளியூர் மாணவர்களின் பேருந்துக் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கொடுங்கள்.

நடுவர்களில் ஒருவர் படத்தொகுப்பாளராகவோ ஒலிப்பதிவாளராகவோ இருக்கட்டும். மற்றொருவர் சினிமாவுக்கு வெளியே உள்ளவராக, ஓர் எழுத்தாளராகவோ நாடகக்காரராகவோ இருக்கலாம்.

படத்துக்குப் பின் நடக்கும் கலந்துரையாடலில் யாரும் பேசுவதில்லையே?

‘கேள்விகள் உண்டா?’ என்று மேடையிலிருந்து கேட்டால் பேசமாட்டார்கள். ஐந்து படங்களின் இயக்குநர்களையும் மேடையேற்றாமல், திரைக்கு முன்னால் தரையிலேயே நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். ஒருங்கிணைப்பவர் முதலில் பார்வையாளரிடம் கேட்க வேண்டியது, படம் நன்றாக இருந்ததா என்பதை அல்ல. கதையில் என்ன நடந்தது என்று அவர் புரிந்துகொண்டதை. அக்கா இறந்துபோனதாக இயக்குநர் எண்ணி எடுத்த காட்சியை, அக்கா வெளியூருக்கு வேலைக்குப் போனதாக அரங்கில் பாதிப் பேர் புரிந்துகொண்டிருந்த ஓர் அமர்வு எங்களுக்கு நினைவிருக்கிறது. படத்தை இயக்கிய மாணவி ஒன்றும் பேசாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மறு ஆண்டு, அதே படத்தை இரண்டு நிமிடம் குறைத்துத் தொகுத்துக் கொண்டுவந்தார்.

முதல் சுற்றில் இயக்குநர் பதில் சொல்லக் கூடாது, கேட்டுக்கொள்ள மட்டுமே வேண்டும் என்று விதி வையுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவர் தம் படத்துக்கு வழக்கறிஞர் ஆகிவிடுவார்.

சங்கமாகப் பதிவுசெய்ய வேண்டுமா?

முதல் ஆண்டில் தேவையில்லை. கல்லூரி மன்றத்தின் பெயரில் நடத்தலாம். வெளியிலிருந்து நன்கொடை பெறத் தொடங்கும்போது, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவுசெய்துகொள்ளுங்கள். வரவு செலவை விழா முடிந்த பதினைந்து நாட்களுக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவது பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும்.

விழா முடிந்தபின் படங்களை இணையத்தில் ஏற்றலாமா?

திரையிட ஒப்புதல் தந்ததாலேயே இணையத்தில் ஏற்ற ஒப்புதல் தந்ததாக ஆகாது. படிவத்தில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சில விழாக்கள் இணையத்தில் ஏற்கெனவே வந்த படங்களை ஏற்பதில்லை என்பதால் மாணவரே முடிவெடுக்கட்டும். இரண்டு வன்தட்டுகளில் படி எடுத்து, இரண்டு வெவ்வேறு ஊர்களில் வையுங்கள்.

அழைப்பறிக்கை விட்டும் ஐந்து படங்கள்தான் வந்திருக்கின்றன. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாமா?

வேண்டாம். ஒரு நாள் விழாவை ஒரு பிற்பகலாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு ஐந்து படங்களையும் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு மணி நேரம் பேசுங்கள். தேநீருக்குப் பிறகு அதே ஐந்தையும் மீண்டும் ஓட்டுங்கள். முதல் முறை கதையைப் பார்த்தவர்கள், இரண்டாம் முறை எங்கே வெட்டியிருக்கிறார்கள், எங்கே ஒலி மாறுகிறது என்று பார்ப்பார்கள். ஐந்து மணிப் பேருந்துக்கும் நேரம் இருக்கும்.